பிளாட்டர் கோப்பு லேசர் பிரிண்டரில் ஏன் எழுத்தாக வந்து விழுகிறது?

பழைய கட்டட வரைபடம் ஒன்று பென் டிரைவில் வருகிறது. கோப்பின் பெயர் ‘பிஎல்டி’ என்று முடிகிறது. இரண்டு முறை கிளிக் செய்தாலும் திறக்கவில்லை. சரி, நேராகப் பிரிண்டருக்கே அனுப்பிப் பார்க்கலாம் என்று அனுப்பினால், படம் வர வேண்டிய தாளில் ‘ஐஎன்;எஸ்பி1;பியு2400,3100;பிடி2400,3900’ என்று வரி வரியாக எழுத்தும் எண்ணுமாக வருகிறது. ஒரு தாளோடு நிற்பதும் இல்லை. பெரிய வரைபடம் என்றால் தட்டில் உள்ள தாள் தீரும்வரை வந்துகொண்டே இருக்கும்.

பிரிண்டரிலும் பழுதில்லை, கோப்பிலும் பழுதில்லை. அந்தக் கோப்பு படமே அல்ல என்பதுதான் விஷயம். பிளாட்டர் என்ற, பேனாவால் தாளில் வரையும் இயந்திரத்தின் கைக்கு ‘இங்கே போ, பேனாவை இறக்கு, அங்கே இழு, தூக்கு’ என்று சொல்லும் உத்தரவுப் பட்டியல் அது. படத்தின் ஒரு பாதி பட்டியலில் இருக்கிறது. மறு பாதி அந்தக் காலத்து இயந்திரத்திலும், அதில் மாட்டியிருந்த பேனாக்களிலும், விரித்திருந்த தாளிலும் இருந்தது. பிளாட்டர் கோப்பை லேசர் தாளில் வரும்படி மாற்றும் வேலையில் பெரும்பகுதி, காணாமல் போன இந்த மறு பாதியை நாம் எடுத்துக் கொடுப்பதுதான்.

பேனா பிளாட்டர்கள் அநேகமாக அருங்காட்சியகப் பொருளாகிவிட்டன. அவற்றின் மொழி மட்டும் சாகவில்லை. வண்டி நம்பர் பிளேட்டுக்கும் கடைக் கண்ணாடிக்கும் ஸ்டிக்கர் வெட்டும் கட்டிங் பிளாட்டர்களில் பெரும்பாலானவை இன்றும் அதைத்தான் கேட்கின்றன. ஆடைத் தயாரிப்பில் துணி வெட்டுவதற்கான மார்க்கரை (எந்தத் துண்டை எங்கே வெட்டுவது என்று காட்டும் வரைபடம்) அகலத் தாளில் வரையும் இயந்திரங்களும் அப்படியே. ஆய்வகங்களில் உள்ள பழைய அளவீட்டுக் கருவிகள் பல, திரையில் தெரியும் வரைபடத்தை இந்த மொழியில்தான் வெளியே அனுப்பும். ஆக, இந்தக் கோப்பு கையில் வந்து சிக்க நிறைய வழி இருக்கிறது.

கோப்புக்குள் என்ன இருக்கிறது

இந்த மொழியின் பெயர் ஹெச்பி-ஜிஎல். ஹியூலெட் பேக்கார்ட் நிறுவனம் 1970களின் பிற்பகுதியில் தன் பிளாட்டர்களுக்காக உருவாக்கியது. மற்ற நிறுவனங்களும் அதையே ஏற்றுக்கொண்டதால் ஊர்ப் பொதுமொழியாகிவிட்டது.

இலக்கணம் மிக எளிது. ஒவ்வொரு கட்டளைக்கும் இரண்டு ஆங்கில எழுத்து, பின்னால் எண்கள், முடிவில் அரைப்புள்ளி. (கோப்பில் இவை ஆங்கில எழுத்தாகவே இருக்கும். இந்தக் கட்டுரையில் அவற்றின் ஒலிப்பு.) ஒரு சதுரம் வரைய இவ்வளவு போதும்:

ஐஎன்; எஸ்பி1; பியு0,0; பிடி400,0,400,400,0,400,0,0; பியு; எஸ்பி0;

‘ஐஎன்’ என்றால் எல்லாவற்றையும் ஆரம்ப நிலைக்குக் கொண்டுவா. ‘எஸ்பி1’ என்றால் முதல் பேனாவை எடு. ‘பியு’ பேனாவைத் தூக்கிக்கொண்டு நகர்வது, ‘பிடி’ பேனாவை இறக்கி இழுத்துக்கொண்டு நகர்வது. கடைசியில் ‘எஸ்பி0’, பேனாவை அதன் இடத்தில் திருப்பி வை.

எண்கள் எல்லாம் பிளாட்டர் அலகில் இருக்கும். ஓர் அலகு 0.025 மில்லிமீட்டர். ஒரு மில்லிமீட்டருக்கு 40 அலகு, ஓர் அங்குலத்துக்கு 1016. மேலே உள்ள சதுரத்தின் பக்கம் 400 அலகு, அதாவது சரியாக ஒரு சென்டிமீட்டர். இந்த 1016 என்ற எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் மறுபடியும் வரும்.

வட்டத்துக்கு ‘சிஐ’, எழுத்துக்கு ‘எல்பி’, வேகத்துக்கு ‘விஎஸ்’ என்று இன்னும் சில டஜன் கட்டளைகள் உண்டு. அவற்றில் எதுவுமே கோடு எவ்வளவு தடிமன் என்று சொல்வதில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. முதல் பேனாவின் இடத்தில் 0.25 மில்லிமீட்டர் பேனாவை மாட்டினால் 0.25 கோடு, 0.5 மாட்டினால் 0.5 கோடு. அது பிளாட்டர் பக்கத்தில் நின்ற ஆளின் பொறுப்பு.

லேசர் பிரிண்டர் வேறு சாதி

பிளாட்டருக்கு நினைவகம் அதிகம் வேண்டாம். ஒரு கோட்டை வாங்கும், வரையும், மறந்துவிடும். தாளின் மேல் மூலையில் ஒரு கோடு, கீழே ஒன்று, மறுபடி மேலே ஒன்று என்று எந்த வரிசையில் சொன்னாலும் கவலையில்லை. நடுவில் கணினி பத்து நிமிடம் நின்றுவிட்டாலும் பேனாவைத் தூக்கிக்கொண்டு காத்திருக்கும்.

லேசர் பிரிண்டரில் இது நடக்காது. தாள் ஒரே வேகத்தில் ஓடும், டிரம் சுழலும், லேசர் கதிர் மேலிருந்து கீழாகப் புள்ளி வரிசைகளை ஒன்றன்பின் ஒன்றாக எழுதிக்கொண்டே போகும். தாள் கிளம்பிவிட்டால் நடுவில் நிறுத்தி ‘ஐயோ, மேலே ஒரு கோடு விட்டுப்போச்சு’ என்று திரும்ப முடியாது. அதனால் கோடுகள் அனைத்தையும் முன்கூட்டியே புள்ளிகளாக மாற்றி நினைவகத்தில் தயாராக வைத்திருக்க வேண்டும். கோட்டை அதன் முனைகளால் சொல்வது வெக்டர், புள்ளிப் பரப்பாகச் சொல்வது ராஸ்டர். எந்த வழியில் போனாலும், எங்கோ ஓரிடத்தில் வெக்டர் ராஸ்டராகியே தீர வேண்டும். அந்த வேலையைச் செய்வது கணினியா பிரிண்டரா என்பதில்தான் வழிகள் வேறுபடுகின்றன.

இந்த நினைவகக் கணக்கு ஒரு காலத்தில் பெரிய தலைவலியாக இருந்தது. அங்குலத்துக்கு 300 புள்ளி என்றால் ஏ4 தாள் 2480 × 3508 புள்ளி. புள்ளிக்கு ஒரு பிட் வைத்தால் 10 லட்சம் பைட்டுக்கு மேல், சுமார் ஒரு மெகாபைட். 1984இல் வந்த ஹெச்பியின் முதல் லேசர் பிரிண்டரான லேசர்ஜெட்டில் இருந்தது 128 கிலோபைட். 1987இல் வந்த லேசர்ஜெட் இரண்டாம் வரிசையில் 512 கிலோபைட். ஆக, முழுப் பக்க வரைபடத்தை 300 புள்ளி நுணுக்கத்தில் அனுப்பினால் பாதியில் நினைவகம் நிரம்பி, முகப்பில் ‘20’ என்ற பிழை எண் காட்டும். நினைவகம் போதும், ஆனால் படம் மிகச் சிக்கலாகி, ஓடும் தாளுக்கு ஈடுகொடுத்துப் புள்ளிகளைத் தயாரிக்க முடியவில்லை என்றால் ‘21’. பணம் கொடுத்துக் கூடுதல் நினைவக அட்டை வாங்குவது, அல்லது நுணுக்கத்தை 150க்கு இறக்குவது, இவைதான் அன்றைய பரிகாரங்கள். பிளாட்டர்போல் நடிக்கும் கார்ட்ரிட்ஜ்களும் தனியாக விற்கப்பட்டன. அவற்றைப் பிரிண்டரின் வயிற்றில் செருகினால் ஹெச்பி-ஜிஎல் புரியும்.

1990இல் நிலைமை மாறியது. அந்த ஆண்டு வந்த லேசர்ஜெட் மூன்றில், பிசிஎல்5 என்ற பிரிண்டர் மொழிக்குள்ளேயே ஹெச்பி-ஜிஎல்/2 என்ற திருத்திய பதிப்பை வைத்துவிட்டார்கள். கோடுகளைப் பிரிண்டரே புள்ளிகளாக்கிக்கொள்ளும். புதுப் பதிப்பில் பேனாத் தடிமனுக்கும் ஒரு கட்டளை சேர்ந்தது: ‘பிடபிள்யூ’. பேனாவே இல்லாத இயந்திரத்துக்குத் தடிமனைச் சொல்லித்தானே ஆக வேண்டும்.

கோப்பில் இல்லாத மறு பாதி

மாற்றும்போது வரும் கோளாறுகள் அத்தனையும் இங்கிருந்துதான் கிளம்புகின்றன.

1. தடிமன். ஹெச்பி-ஜிஎல்/2 புரிந்த பிரிண்டருக்குப் பழைய கோப்பை அப்படியே கொடுத்தால், எல்லாக் கோடும் 0.35 மில்லிமீட்டரில் வரும். அதுதான் அதன் இயல்பு அளவு. சுவரும் அளவுக்கோடும் ஒரே தடிமனில் வந்து, வரைபடம் கறுப்புச் சிக்கலாகத் தெரியும். கறுப்பு-வெள்ளை பிசிஎல் பிரிண்டருக்கு இருப்பதே இரண்டு பேனாதான்: 0 வெள்ளை, 1 கறுப்பு. கோப்பில் மூன்றாம் பேனா, ஐந்தாம் பேனா என்று இருந்தாலும் வேறுபாடு தெரியாது. வழி என்னவென்றால், கோப்பைத் திறந்து ‘எஸ்பி3’ என்று வரும் இடமெல்லாம் ‘எஸ்பி1;பிடபிள்யூ0.5’ என்றும், ‘எஸ்பி2’ வரும் இடமெல்லாம் ‘எஸ்பி1;பிடபிள்யூ0.25’ என்றும் மாற்றுவது. எந்தப் பேனாவுக்கு எந்தத் தடிமன் என்பது அலுவலகத்துக்கு அலுவலகம் வேறு. அதை வரைந்தவர்தான் சொல்ல வேண்டும். சொல்ல ஆளில்லை என்றால் வரைபடத்தைப் பார்த்து ஊகிக்க வேண்டியதுதான்.

இதன் மறுபக்கம் ஒன்று உண்டு. சில பழைய கோப்புகளில் ‘எஸ்பி’ கட்டளையே இருக்காது, ஏனென்றால் ஒற்றைப் பேனாவை ஆளே கையால் மாட்டியிருப்பார். அப்படிப்பட்ட கோப்பைப் பிரிண்டருக்கு அனுப்பினால் வெள்ளைத் தாள் வரும். முன்னால் ஓர் ‘எஸ்பி1’ சேர்த்தால் படம் வந்துவிடும்.

2. தொடக்கப் புள்ளி. மேசைமேல் வைக்கும் சிறிய ஹெச்பி பிளாட்டர்களில் பூஜ்யப் புள்ளி இடது கீழ் மூலை. ஏ1, ஏ0 வரையும் பெரிய பிளாட்டர்களில் தாளின் நடு மையம். பெரிய பிளாட்டருக்கு எழுதிய கோப்பில் பாதி எண்கள் எதிர்மமாக இருக்கும். மூலையைப் பூஜ்யமாகக் கொள்ளும் பிரிண்டருக்கு அதைக் கொடுத்தால், படத்தின் வலது மேல் கால்வாசி மட்டும் தாளின் இடது கீழ் மூலையிலிருந்து விரிந்து வரும். மீதி முக்கால்வாசி தாளுக்கு வெளியே. தாளில் கால்வாசிப் படம் மட்டும் வந்தால் வேறெங்கும் தேட வேண்டாம், இதுதான் காரணம்.

3. அளவுகோல். ‘எஸ்சி’ என்ற கட்டளை, பிளாட்டர் அலகுக்குப் பதிலாகப் பயனர் விருப்பப்படி ஓர் அளவை வைத்துக்கொள்ள உதவும். மீட்டரிலோ வோல்ட்டிலோ எண் கொடுக்கலாம். ஆனால் அந்த அளவு தாளின் எந்த இரண்டு புள்ளிகளுக்கு நடுவே விரிய வேண்டும்? அந்தப் புள்ளிகளுக்கு பி1, பி2 என்று பெயர். ‘ஐபி’ கட்டளை அவற்றை எண்ணாகக் கொடுத்திருந்தால் நல்லது. கொடுக்காவிட்டால் பிளாட்டரில் அன்று எந்தத் தாள் இருந்ததோ அதற்கேற்ற இயல்பு இடங்கள். கோப்பு ஒன்றே, தாள் வேறு என்றால் படத்தின் அளவே வேறு. அளவீட்டுக் கருவிகளிலிருந்து வரும் கோப்புகளில் இந்தப் பிரச்சினை அடிக்கடி வரும்.

4. திசை. பிளாட்டருக்கு எக்ஸ் அச்சு தாளின் நீளவாக்கில் போகும். பிரிண்டரோ தாளை நிமிர்ந்த நிலையில் பார்க்கும், அதற்கு எக்ஸ் என்பது குறுகிய பக்கம். ஏ4 நீளத்துக்கு 297 மில்லிமீட்டர் வரைந்த படம் 210 மில்லிமீட்டர் அகலத்தில் முட்டி, வலப்புறம் அறுந்து போகும். பிரிண்டரைப் படுக்கை நிலைக்கு மாற்ற வேண்டும், அல்லது ‘ஆர்ஓ90’ என்று கோப்பிலேயே திருப்ப வேண்டும்.

5. எழுத்து. இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ‘எல்பி’ கட்டளைக்கு மட்டும் அரைப்புள்ளி முடிவாகாது, ஏனென்றால் எழுத வேண்டிய சொற்களிலேயே அரைப்புள்ளி இருக்கலாம். அதனால் 3 என்ற குறியீட்டு எண் கொண்ட, திரையில் தெரியாத ஓர் எழுத்தை முடிவுக்குறியாக வைத்தார்கள். கோப்பை ஏதோ ஓர் எடிட்டரில் திறந்து சேமித்தாலோ, மின்னஞ்சலின் உடலில் ஒட்டி அனுப்பினாலோ, கண்ணுக்குத் தெரியாத அந்த எழுத்து தொலைந்துபோகும். அப்புறம் ‘எல்பி’க்குப் பிறகு வரும் கட்டளைகள் அனைத்தையும் எழுத வேண்டிய வாசகம் என்றே பிரிண்டர் எடுத்துக்கொள்ளும். ‘சமையலறை’ என்பதற்கு ஆங்கிலத்தில் ஒரு சொல் வர வேண்டிய இடத்திலிருந்து ‘பியு’, ‘பிடி’ என்று எழுத்துகள் வரிசையாகத் தாளின் ஓரம் வரை ஓடும், அதற்குப் பிறகு ஒரு கோடுகூட வராது. படம் பாதிவரை நன்றாக வந்து, திடீரென்று எழுத்து வால் முளைத்தால் முடிவுக்குறி போய்விட்டது என்று அர்த்தம்.

தமிழ் எழுத்துக்கு இந்தச் சிக்கல் வருவதில்லை. பிளாட்டருக்குத் தமிழே தெரியாது என்பதால், வரையும் மென்பொருள் ஒவ்வோர் எழுத்தையும் கோடுகளாக உடைத்தே அனுப்பும். ‘வாழ்க வளமுடன்’ ஸ்டிக்கர் கோப்பைத் திறந்தால் உள்ளே ஒரு சொல்கூட இருக்காது, வளைவை வளைவாகத் தொடரும் ‘பிடி’ எண்கள்தான்.

முதலில் கோப்பை முகர்ந்து பார்க்க வேண்டும்

‘பிஎல்டி’ என்பது வெறும் முடிவுப்பெயர். ‘பிளாட்’ என்பதன் சுருக்கம், அவ்வளவுதான். வரைபட மென்பொருளில் ‘கோப்பாகச் சேமி’ என்று கொடுத்தால், அப்போது எந்த இயந்திரம் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்ததோ அதன் மொழியில்தான் எழுதும். எனவே நோட்பேட் போன்ற ஏதாவது ஒன்றில் திறந்து முதல் வரியை மட்டும் பாருங்கள். சேமிக்காமல் மூடிவிடுங்கள், மேலே சொன்ன காரணத்துக்காக.

‘ஐஎன்’ அல்லது ‘எஸ்பி’ என்று தொடங்கினால் ஹெச்பி-ஜிஎல். சதவீதக் குறி, ஆச்சரியக்குறி, அடுத்து ‘பிஎஸ்’ என்று இருந்தால் அது போஸ்ட்ஸ்கிரிப்ட், முழுக்க வேறு மொழி. ‘%-12345எக்ஸ்’ என்று தொடங்கி ‘@பிஜேஎல்’ என்று வந்தால் பிற்காலத்து அகலத்தாள் இங்க்ஜெட்டுக்காக எழுதியது. உள்ளே ஹெச்பி-ஜிஎல்/2 கோடுகளும் ராஸ்டர் படத் துண்டுகளும் கலந்து கிடக்கலாம், எளிய கருவிகளுக்கு இது செரிக்காது.

ஹெச்பி-ஜிஎல் கோப்பின் தலையில் எஸ்கேப் எழுத்தும் (27 என்ற குறியீட்டு எண் கொண்ட, திரையில் தெரியாத எழுத்து) ஒரு முற்றுப்புள்ளியும் சேர்ந்து வரும் சில கட்டளைகள் ஒட்டியிருக்கலாம். பிளாட்டரும் கணினியும் கேபிளில் ஒன்றுக்கொன்று ‘பொறு’, ‘அனுப்பு’ என்று சொல்லிக்கொள்வதற்கான ஏற்பாடு அவை. லேசர் பிரிண்டருக்கு அவை அர்த்தமற்றவை. நீக்கிவிட வேண்டும்.

மூன்று வழிகள்

அ. உறை போட்டு அனுப்புவது. பிரிண்டருக்கு பிசிஎல்5 தெரிந்தால், கோப்பை வேறு வடிவத்துக்கு மாற்றவே வேண்டாம், முன்னும் பின்னும் ஓர் உறை போதும். முன்னால் பிரிண்டரை மீட்டமைக்கும் ‘எஸ்கேப் இ’, அடுத்து ‘எஸ்கேப் %0பி’. இந்த இரண்டாவதுதான் வாசல். ‘இனி வருவது ஹெச்பி-ஜிஎல்/2’ என்று பிரிண்டருக்குச் சொல்கிறது. முடிவில் ‘எஸ்கேப் %0ஏ’ என்று வெளியே வந்து, இன்னொரு ‘எஸ்கேப் இ’ கொடுத்தால் தாள் வெளியே வரும். கட்டுரையின் தொடக்கத்தில் பக்கம் பக்கமாக எழுத்து வந்ததே, அதற்குக் காரணம் இந்த வாசல் கட்டளை இல்லாததுதான். பிரிண்டர் சாதாரண எழுத்து நிலையில் இருந்தது, கிடைத்ததை எழுத்து என்று அச்சிட்டது.

உறை போட்ட கோப்பைப் பிரிண்டர் டிரைவர் வழியாக அனுப்பக் கூடாது, நேராகப் பிரிண்டருக்கே போக வேண்டும். டாஸ் காலத்திலிருந்து வரும் ‘காப்பி’ கட்டளையில் ‘/பி’ சேர்த்து அனுப்புவது ஒரு வழி. அந்த ‘/பி’யை விட்டுவிட்டால், 26 என்ற குறியீட்டு எண் வரும் இடத்தில் கோப்பு முடிந்துவிட்டது என்று நினைத்துக் கணினி நிறுத்திவிடும். அரைப் படம் வந்து நிற்கும்.

இந்த வழிக்கு இன்னொரு தடை உண்டு. விலை குறைந்த லேசர் பிரிண்டர்கள் பலவற்றுக்கு பிசிஎல் தெரியாது. இந்தியாவில் மூலைக்கு மூலை இருந்த லேசர்ஜெட் 1020 அப்படிப்பட்டதுதான். புள்ளிகளாக்கும் வேலை முழுவதையும் கணினியே செய்துவிடும், பிரிண்டர் சொன்ன புள்ளியை மட்டும் வைக்கும். அதற்கு உறை போட்ட கோப்பை அனுப்பிப் பயனில்லை.

ஆ. கணினியிலேயே புள்ளிகளாக்குவது. ‘ஹெச்பி2எக்ஸ்எக்ஸ்’ என்ற பழைய இலவசக் கருவி இதற்காகவே எழுதப்பட்டது. ஹெச்பி-ஜிஎல் கோப்பை வாங்கி பிசிஎல் ராஸ்டராகவோ, சாதாரணப் படக் கோப்பாகவோ, போஸ்ட்ஸ்கிரிப்டாகவோ தரும். பேனாவுக்குப் பேனா தடிமனும் நிறமும் கொடுக்கலாம். கவனிக்க வேண்டியது ஒன்று: எதுவும் சொல்லாவிட்டால் அது உண்மை அளவைப் பார்க்காது, 200 × 160 மில்லிமீட்டர் பெட்டிக்குள் படத்தைப் பொருத்திவிடும். உண்மை அளவு வேண்டும் என்றால் அதற்கான தேர்வைக் கேட்டு வாங்க வேண்டும். நுணுக்கமும் அப்படியே, தானாக எடுத்துக்கொள்வது 75 புள்ளி. கோடுகள் படிக்கட்டாகத் தெரியும். 300 அல்லது 600 என்று சொல்லித்தான் ஆக வேண்டும்.

இ. பிடிஎஃப் ஆக்குவது. இன்றைக்கு இதுவே நல்லது. கோடுகள் கோடுகளாகவே இருக்கும், எந்தப் பிரிண்டரும் அச்சிடும், பத்து ஆண்டு கழித்தும் திறக்கும், அச்சிடுவதற்கு முன் திரையில் பார்த்துப் பிழையும் பிடிக்கலாம். கோஸ்ட்பிசிஎல் என்ற கருவி, ஹெச்பி-ஜிஎல்/2 கலந்த பிசிஎல் கோப்பைப் பிடிஎஃப் ஆக்கிவிடும். வழி ‘அ’வில் சொன்ன அதே உறையோடு கொடுத்தால் போதும். இங்க்ஸ்கேப் என்ற இலவச வரைகலை மென்பொருளும் ஹெச்பி-ஜிஎல் கோப்பைத் திறக்கும். எளிய கோப்புக்கு அது தாராளமாகப் போதும், கோடுகளை மவுஸால் பிடித்துத் திருத்தவும் முடியும்.

சுருக்கும்போது என்ன ஆகிறது

பிளாட்டர் வரைபடம் பெரும்பாலும் ஏ1. லேசர் தாள் பெரும்பாலும் ஏ4. மூன்று படி இறங்க வேண்டும், அதாவது 35 சதவீதத்துக்கு.

தாள் அளவும் வரைபடப் பேனா அளவும் ஒரே விகிதத்தில் ஏறுகின்றன என்பதைக் கவனிக்கலாம். 0.18, 0.25, 0.35, 0.5, 0.7 என்ற பேனா வரிசை, 2-இன் வர்க்கமூலத்தால் பெருக்கிக்கொண்டே போவது. ஏ4, ஏ3, ஏ2 என்ற தாள் வரிசையின் பக்கங்களும் அப்படியே. ஒரு படி சுருக்கினால் 0.5 கோடு 0.35 கோடாகும். அழகான ஏற்பாடு, ஆனால் ஒரு படிக்கு. மூன்று படி இறக்கினால் 0.18 கோடு 0.064 மில்லிமீட்டர் ஆகிவிடும். 300 புள்ளி பிரிண்டரில் ஒரு புள்ளியே 0.085 மில்லிமீட்டர். ஒரு புள்ளியைவிட மெல்லிய கோட்டைப் பிரிண்டர் ஒரு புள்ளியாகவே வரையும், 0.25 கோடும் அதே ஒரு புள்ளிதான். இரண்டுக்கும் வேறுபாடு போய்விட்டது. அதனால் சுருக்கும்போது தடிமனையும் விகிதப்படி சுருக்குவது தவறு. சுருக்கிய தாளில் எது எவ்வளவு தெரிய வேண்டும் என்று பார்த்துப் புதிதாகத் தடிமன் கொடுக்க வேண்டும்: மெல்லியது 0.1, நடுத்தரம் 0.18, சுவர் 0.35 என்பதுபோல.

எழுத்தைக் காப்பாற்றுவது இன்னும் கடினம். ஏ1இல் 2.5 மில்லிமீட்டர் உயர எழுத்து ஏ4இல் 0.9 மில்லிமீட்டர்கூட இராது. பூதக்கண்ணாடி வைத்துத்தான் படிக்க வேண்டும். படிக்க வேண்டிய வரைபடம் என்றால் ஏ3க்குக் கீழே சுருக்காமல் இருப்பது நல்லது.

கறுப்பாக நிரப்பிய இடங்களையும் பார்க்க வேண்டும். பேனா பிளாட்டர் ஓரிடத்தை நிரப்புவது என்றால் குறுக்கும் மறுக்குமாகப் பக்கத்தில் பக்கத்தில் கோடு இழுப்பதுதான். கோட்டுக்குக் கோடு 0.3 மில்லிமீட்டர் இடைவெளி விட்டிருந்தால், 0.35 பேனாவில் அது முழுக் கறுப்பு. அதே கோப்பை 0.13 தடிமனில் அச்சிட்டால் வரிக்குதிரை. பெரிய வட்டங்களிலும் ஒரு குட்டு வெளிப்படும். ‘சிஐ’ கட்டளை வேறு எதுவும் சொல்லாவிட்டால் 5 பாகைக்கு ஒரு நேர்கோடு போடும். வட்டம் என்று நாம் நினைப்பது உண்மையில் 72 பக்க உருவம். சிறிய வட்டத்தில் தெரியாது. ஆரம் 300 மில்லிமீட்டர் என்றால் ஒவ்வொரு பக்கத்தின் நடுவும் உண்மையான வட்டத்திலிருந்து 0.3 மில்லிமீட்டர் உள்ளே இருக்கும். பேனாவின் மை கசிந்து மறைத்ததை லேசரின் கூர்மை காட்டிக்கொடுத்துவிடும்.

சுருக்கவே கூடாது என்றால், உதாரணமாகத் தையல் மாதிரி, அப்போது துண்டு துண்டாக அச்சிட்டு ஒட்ட வேண்டும். ஏ1 என்பது எட்டு ஏ4 என்று கணக்குச் சொல்லும். லேசர் பிரிண்டரோ நாலு பக்கமும் நாலைந்து மில்லிமீட்டர் ஓரத்தில் அச்சிடாது. ஒட்டுவதற்குப் பத்து மில்லிமீட்டர் மேல்படிவும் வேண்டும். எட்டு என்று எண்ணியது பன்னிரண்டு தாளாகிவிடும். பிடிஎஃப் ரீடர்களில் உள்ள ‘போஸ்டர்’ தேர்வு இந்தப் பிரிப்பையும் வெட்டுக் குறிகளையும் தானே போட்டுக்கொடுக்கும்.

ஸ்கேல் வைத்து அளப்பது

முழு வரைபடத்தை அனுப்பும் முன், 100 மில்லிமீட்டர் சதுரம் ஒன்றைத் தனிக் கோப்பாக அனுப்பிப் பாருங்கள். மேலே காட்டிய சிறு சதுரத்தில் 400 வரும் இடத்திலெல்லாம் 4000 போட்டால் அதுவே போதும். அச்சான சதுரத்தை ஸ்கேல் வைத்து இரண்டு பக்கமும் அளக்க வேண்டும். வரும் எண்ணே பிழை எங்கே என்று சொல்லிவிடும்.

இரண்டு பக்கமும் 94 முதல் 97 வரை எதுவோ வந்தால், அச்சிடும் பெட்டியில் ‘தாளுக்குப் பொருத்து’ என்ற தேர்வு விழுந்திருக்கிறது. ‘உண்மை அளவு’ என்று மாற்றினால் சரியாகும். ஒரு பக்கம் மட்டும் மாறி, சதுரம் நீள்சதுரமாகியிருந்தால், ‘எஸ்சி’யோ, படத்தைப் பொருத்தும் பெட்டியின் அளவோ இரு திசைக்கும் வெவ்வேறாக அமைந்திருக்கிறது. 99.8 போல வந்தால் அது கோப்பின் குற்றமல்ல. டோனரை உருக்கும் சூட்டில் தாளின் ஈரம் போய், தாளே இம்மியளவு சுருங்கும்.

சரியாக 101.6 வந்தால் கண்டுபிடிப்பதே கஷ்டம், ஏனென்றால் கண்ணால் பார்த்தால் தெரியாது, 1.6 சதவீதம்தான். மாற்றிய மென்பொருள் ஓர் அங்குலத்துக்கு 1000 அலகு என்று எடுத்துக்கொண்டுவிட்டது. இங்க்ஸ்கேப்பில் கோப்பைத் திறக்கும்போது வரும் பெட்டியில் அந்த எண் 1016 என்று இருக்கிறதா பார்த்து, இல்லையென்றால் மாற்றிவிட்டு மறுபடி திறக்க வேண்டும்.